கீபோர்டு எப்போது கையில், எப்போது பையில்

தமிழ்நாடு அரசின் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த அத்தியாயத்தின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் வழங்கியது. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ கொடுக்கப்படும் என்று அறிவித்தது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியபோது மாணவர்களின் கைக்கு வந்தவை லேப்டாப்கள். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவே எழுந்தும் குனிந்தும் தரையில் உட்கார்ந்தும் மதிப்பீட்டைப் பதியும் ஆசிரியருக்கு ஒரு கருவி. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து புராஜெக்ட் எழுதும் மாணவருக்கு வேறொரு கருவி. கழற்றி மாட்டும் கீபோர்டு உள்ள டேப்லெட் இருவருக்கும் பொதுவானது என்று சொல்லி விற்கப்படுகிறது. அப்படி வாங்கியவர் கீபோர்டை எப்போதும் மாட்டியே வைத்திருந்தால், அவர் கையில் இருப்பது நிற்கத் தடுமாறும் ஒரு லேப்டாப்தான். மேசை இல்லாத இடத்தில் கழற்றிய நிலையே இந்தக் கருவியின் இயல்பு நிலை என்பதும், மாட்டுவது உட்கார இடம் கிடைத்த பிறகு செய்யவேண்டிய தனி வேலை என்பதும் என் கருத்து. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நடக்கும் வேலைகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் எடைக் கணக்கு. லேப்டாப்பில் பேட்டரி, சர்க்யூட் போர்டு எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. மேல்மூடியில் திரை மட்டும். அடி கனம், மேல் லேசு என்பதால் தொடைமேல் வைத்தாலும் அது சாய்வதில்லை. டேப்லெட்டில் இந்த ஏற்பாடு தலைகீழ். பேட்டரியும் மற்ற எல்லாமும் திரைக்குப் பின்னால் இருக்க, கீபோர்டு வெறும் தகடாக இருக்கிறது. 11 அங்குல டேப்லெட் ஏறத்தாழ அரைக் கிலோ. விண்டோஸில் ஓடும் 13 அங்குல சர்ஃபேஸ் புரோ வகை 900 கிராமை ஒட்டி வரும். அதற்கு மாட்டும் கீபோர்டு 300 கிராம்போல. தலை கனத்த பொருளை நிறுத்த இரண்டே வழிகள் உண்டு: பின்னால் முட்டுக் கொடுக்கலாம், அல்லது கீழே கனம் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட முதல் சர்ஃபேஸில் பின்பக்கம் மடக்கி விரிக்கும் கால் வைத்து முதல் வழியில் போனது. ஆப்பிள் 2020இல் வெளியிட்ட மேஜிக் கீபோர்டில் இரண்டாவது வழி. 11 அங்குல ஐபேட் புரோவுக்கான அந்தக் கீபோர்டு டேப்லெட்டைவிடக் கனமானது, இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். முதல் வழி இடம் கேட்கிறது, இரண்டாவது வழி சுமை கேட்கிறது. நடந்து வேலை செய்பவருக்கு இரண்டுமே ஒத்துவராது.

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூடம் கூடமாகப் போய், எத்தனை பீஸ் இறங்கியது, எந்தத் தறி நின்றது, எவ்வளவு நூல் கொடுத்தாகிவிட்டது, கூலி பாக்கி எவ்வளவு என்று குறித்து வருபவருக்கு நடுவில் உட்கார இடம் கிடையாது. அவர் பதிவதெல்லாம் எண்களும் ஓரிரு சொற்களும். இடது முன்கையில் டேப்லெட்டைத் தாங்கி, வலது கை விரலால் தட்டுவதுதான் அவருக்கு ஏற்ற நிலை. கீபோர்டு கீழே தொங்கினால் அந்தப் பிடி நழுவும். பின்பக்கம் மடித்தால் மணிக்கட்டு அதன் கனத்தையும் சேர்த்துத் தாங்கவேண்டும். மேற்கே மலைப்பக்கம் போனாலும் கதை இதுதான். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. நாட்டின் புலிகள் காப்பகங்களில் வனப்பணியாளர்கள் ரோந்துப் பாதையையும் காலடித் தடங்களையும் பதியப் பயன்படுத்தும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி, கையடக்கக் கருவியில் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி செய்யப்பட்டது. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்காகத் தமிழ்நாட்டின் வேளாண் மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டபோது அவர்கள் கையில் இருந்தது செல்பேசி. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் செயலி வழியாகவே நடத்தத் திட்டமிடப்பட்டது. வெளியில் நின்று நிரப்பவேண்டிய படிவங்களை வடிவமைத்தவர்கள் எல்லோரும் தட்டச்சைக் குறைத்து, தொட்டுத் தேர்வதைக் கூட்டியிருக்கிறார்கள்.

உலக அளவில் பார்த்தாலும் டேப்லெட்டின் தொடக்கமே இப்படித்தான். 1989இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிரிட்பேட், பேனாவால் எழுதும் கணினி. கீபோர்டு இல்லாமல், களப்பணியாளர்களை நம்பி விற்கப்பட்டது. கழற்றும் கீபோர்டோடு காம்பேக் டிசி1000 வந்தது 2002இல். 2010இல் முதல் ஐபேடுக்கு ஆப்பிள் விற்ற கீபோர்டு டாக் மேசைமேல் வைத்தால் மட்டுமே நிற்கும். நின்றுகொண்டிருந்தவரின் கருவிக்கு, உட்கார்ந்திருப்பவரின் உறுப்பு பிற்பாடுதான் சேர்ந்தது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வேகம் பற்றியது. தட்டச்சு பழகியவர் கீபோர்டில் எழுதும் வேகம் கண்ணாடியில் வராது என்பார்கள். வராதுதான். ஆனால் அந்த வேகம் பயன் தருவது பத்தி பத்தியாக எழுதும்போது. "12ஆம் தறி, நூல் இல்லை" என்று குறிப்பதற்கு வேகம் தேவையில்லை. தறி எண்ணைத் தேடாமல் எடுக்கும்படி படிவம் இருந்தால் போதும். ஆகவே வேகத்தை வேலைக்கு முன்பே செலவழியுங்கள். காலையில் வீட்டிலோ கடையிலோ கீபோர்டோடு உட்கார்ந்து, எக்ஸெல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ தறி எண்கள், ஆட்களின் பெயர்கள், நூல் ரகங்கள் எல்லாவற்றையும் தேர்வுப் பட்டியலாகச் செய்துவிடுங்கள். வெளியில் விரல் தொடுவது மட்டும் மிஞ்சும். அதற்கு நேரம் ஒதுக்காதவர்தான் தறிக்கூடத்தின் வாசலில் கீபோர்டை விரிக்க இடம் தேடிக்கொண்டிருப்பார். குரலில் சொல்லி எழுதவைக்கும் வசதியைக் கூகுள் 2017இல் தமிழுக்கும் கொடுத்தது. மாந்தோப்பில் அது நன்றாக உதவும், மனிதர் காதோடு கத்திப் பேசவேண்டிய தறிக்கூடத்தில் உதவாது. ஆள் பெயர், ஊர்ப் பெயர்களை அது தப்பாக எழுதும் என்பதால் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுப்பதே நல்லது. அய்யனார்கோயில், செண்பகத்தோப்பு பக்கம் போகிறவர்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும்படி கோப்பை முன்கூட்டியே டேப்லெட்டில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, உட்கார இடம் கிடைக்கும் நேரம். கீபோர்டின் மதிப்பு முழுதும் இங்கேதான், இதைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். பின்னால் கால் விரிக்கும் டேப்லெட்டைக் கீபோர்டோடு நிறுத்த, முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 35 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தொடை அந்த நீளத்துக்கு ஈடுகொடுத்தாலும், இரண்டு தொடைகளுக்கு நடுவே இடைவெளி. மெல்லிய கால் அதில் இறங்கிவிடும், கீபோர்டு நடுவில் வளையும், விசைகள் துள்ளும். வெளிநாட்டு விமர்சனங்களில் இந்த வகை டேப்லெட்டுக்கு மடி ஒத்துவராது என்று அடிக்கடி படிக்கிறோம். அவை நாற்காலி மடியைப் பற்றியவை. திண்ணையிலோ தரையிலோ சம்மணம் போட்டு உட்காருபவரின் மடி வேறு. அது அகலமானது, முழங்கால்கள் இரண்டும் இரு பக்கமும் தாங்கும். அதன்மேல் ஒரு பரீட்சை அட்டையைக் குறுக்கே வைத்துவிட்டால் மேசை தயார். எந்தப் பேப்பர் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்த அட்டை, தனியாக விற்கப்படும் விலையுயர்ந்த லேப்டாப் பலகைகள் செய்யும் வேலையைச் செய்துவிடும். வாங்கும்போது கிளிப் மேல்பக்கம் புடைக்காத, வளையாத கனத்த அட்டையாகப் பாருங்கள். டேப்லெட்டின் கால் வழுக்காமலிருக்கப் பின்விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டலாம். பழைய மளிகை, ஜவுளிக் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுத வைத்திருந்த சாய்வு மேசை யாரிடமாவது பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்காரும் உடம்புக்காகவே செய்யப்பட்ட அந்த உயரம், இன்று இறக்குமதியாகும் எந்த ஸ்டாண்டிலும் கிடையாது.

மடியில் வைத்து எழுதும்போது கழுத்து குனிகிறது என்பது நியாயமான மறுப்பு. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணினி மாதிரியைக் கொண்டு போட்ட கணக்கின்படி, நிமிர்ந்த நிலையில் 5 கிலோ அளவுக்கு இருக்கும் தலையின் சுமை, 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்புக்கு 27 கிலோவாகிவிடும். உயிருள்ள உடம்பில் அளந்ததல்ல, மாதிரிக் கணக்குதான். ஆனாலும் எந்தத் திசையில் கெடுதி என்பதில் சந்தேகமில்லை. வெளிக் கீபோர்டு இல்லாமல் லேப்டாப்பில் இதற்குத் தீர்வு கிடையாது, ஏனெனில் திரையும் விசைகளும் ஒரே கீலில் கட்டுண்டவை. திரையை உயர்த்தினால் கையும் உயரவேண்டும். டேப்லெட்டின் உண்மையான அனுகூலம் இங்கே வருகிறது. டேப்லெட்டைச் சுவர் மாடத்திலோ, ஒரு டிரங்குப் பெட்டிமேலோ, ஜன்னல் திண்டிலோ கண் உயரத்தில் சாத்திவிட்டு, கீபோர்டை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு மேல் எழுதுவதானால் இதைத்தவிர வேறு எந்த அமைப்பையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு நிபந்தனை உண்டு: உலோகப் புள்ளிகள் தொட்டு இணையும் கீபோர்டுகள் பலவும் பிரித்துவைத்தால் உயிரற்றுப் போகும். மின்சாரத்தையும் தொடர்பையும் டேப்லெட்டிலிருந்தே அவை பெறுகின்றன. பிரித்த பின்னும் வேலை செய்ய புளூடூத் வேண்டும். 2024இல் வந்த சர்ஃபேஸ் புரோ ஃப்ளெக்ஸ் கீபோர்டு போல இரண்டும் சேர்ந்தவை விலை அதிகம். தனி புளூடூத் கீபோர்டு அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைத்துவிடும். மாட்டினால் அழகாக மூடிக்கொள்ளும் உறைக் கீபோர்டைவிட, டேப்லெட்டோடு ஒட்டாத இந்தச் சாதாரணக் கீபோர்டே நம் வட்டாரத்துக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

வெயிலையும் பஞ்சையும் பற்றிச் சொல்லாமல் ராஜபாளையத்துக்கு வழிகாட்டி எழுத முடியாது. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயக்கவும், 45 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைத்திருக்கவும் ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வைகாசியில் இங்கே நண்பகல் நிழலே 35ஐத் தாண்டும். நிறுத்திய காருக்குள் 45ஐத் தாண்டுவதற்கு நேரமே ஆகாது. சூடேறிய டேப்லெட் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். அது பழுதல்ல, தற்காப்பு. பின்பக்கம் மடித்த கீபோர்டும் தடித்த உறையும் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பொத்திக்கொள்ளும் என்பது கழற்றிவைக்க இன்னொரு காரணம். நேர் வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும், சாதாரண டேப்லெட் திரை 400, 500 நிட்ஸோடு அதை எதிர்க்க முடியாது. கறுப்புப் பின்னணியை விட்டு வெள்ளைப் பின்னணிக்கு மாறி, வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், படிக்கும்படி இருக்கும். பஞ்சு விஷயம் வேறு மாதிரி. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் முதல் நூற்பு ஊராகவே வளர்ந்த இடம் இது. மில்லிலும் சர்ஜிக்கல் காட்டன் கூடத்திலும் தறிக்கூடத்திலும் பறக்கும் பஞ்சு விசைகளின் இடுக்கில் இறங்கும், இணைப்புப் புள்ளிகளில் படிந்து தொடர்பை விட்டுவிட்டு அறுக்கும். துணிபோன்ற மேற்பரப்புள்ள கீபோர்டுகள் பஞ்சை விடவே விடாது. அந்த இடங்களுக்குள் கீபோர்டைக் கொண்டுபோகாதீர்கள்; புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா காய்ச்சும் இடங்களில் எதிரி ஆவியும் சர்க்கரைப் பிசுக்கும். பால் வரவையும் தட்டுக் கணக்கையும் அங்கே பதிபவர், மெல்லிய ஒளி ஊடுருவும் ஜிப் பைக்குள் டேப்லெட்டைப் போட்டு மேலேயே தொடலாம். பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தால் திரை விரலை உணரும். ஒட்டிய பாலை டேப்லெட்டிலிருந்து துடைத்துவிடலாம், விசைக்கு அடியிலிருந்து எடுப்பது கடினம்.

பயணத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 12 கிலோமீட்டர்போல. டவுன் பஸ்ஸில் கீபோர்டை விரிக்க நினைக்கவே வேண்டாம், படிக்கவும் திருத்தவும் அந்த நேரத்தை வையுங்கள். செங்கோட்டையிலிருந்து இந்த ஊர்கள் வழியாகச் சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸில், கீழ் பெர்த்தில் சம்மணமிட்டுப் பரீட்சை அட்டையோடு உட்கார்ந்தால் படுக்கும்வரை எழுதலாம். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பிளக்குகளை நிறுத்திவைக்கும் நடைமுறை ரயில்களில் உண்டு, அதற்குமுன் ஏற்றிக்கொள்ளுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருப்பது 37 வாட்-மணி. சாதாரண ஐபேடின் பேட்டரி 29 வாட்-மணிக்குள். இடையில் வீணாவது போக ஒருமுறை ஏற்றும் அளவு என்று கணக்கு வையுங்கள். விண்டோஸ் டேப்லெட் என்றால் பவர் டெலிவரி வசதியுள்ள யுஎஸ்பி-சி பவர் பேங்க்தான் வேலைக்காகும்.

மிச்சமிருக்கும் மறுப்பு, எல்லாவற்றிலும் வலுவானது: டேப்லெட்டுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பணத்தில் முழு லேப்டாப் வாங்கலாமே? வீட்டில் ஒரே ஒரு கருவிதான் இருக்க முடியும், அதில் டேலி போடவேண்டும் அல்லது புரோகிராம் எழுதவேண்டும் என்றால் லேப்டாப்தான் சரி. டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நிறுவ முடியாது. கிருஷ்ணன்கோயில் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் இதே பதில்தான், கல்லூரி மாணவர்களுக்கு அரசு லேப்டாப் தந்தது பொருத்தமானதே. ஆனால் லேப்டாப் ஏற்கெனவே இருக்கும் வீட்டில், இன்னொரு லேப்டாப்பைப்போல நடிக்கும் விலையுயர்ந்த டேப்லெட் தேவையில்லை. எளிய டேப்லெட் ஒன்றும் புளூடூத் கீபோர்டு ஒன்றும் போதும், கீபோர்டு இரண்டு பேருக்குப் பொதுவாகவும் இருக்கலாம். இரண்டு துண்டாக இருப்பதால் தொலையும் என்று பயப்படுகிறவர்கள், கீபோர்டை வெளியே எடுத்துப்போகாமல் உட்கார்ந்து எழுதும் இடத்திலேயே விட்டுவைக்கலாம். சாயங்காலம் திரும்பிவந்து அன்றைய குறிப்புகளைக் கடிதமாகவோ அறிக்கையாகவோ எழுதும்போது அது அங்கே இருந்தால் போதுமானது.

வாங்கும்முன் கடையிலேயே பார்க்கவேண்டியது தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு, உயிர் எழுத்துகளை இடது கைக்கும் மெய்களை வலது கைக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 'க'வை இருமுறை தட்டினால் புள்ளியைத் தானே போட்டு 'க்க' ஆக்கிவிடும். ஐபேடில் வெளிக் கீபோர்டுக்குத் தமிழ்99, அஞ்சல் என இரண்டு அமைப்புகளும் உண்டு. கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். விண்டோஸிலும் தமிழ்99 இருக்கிறது, அங்கே விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். ஆண்ட்ராய்டில்தான் கவனம் தேவை: திரையில் அழகாகத் தமிழ் தரும் செயலி, வெளிக் கீபோர்டை இணைத்ததும் ஆங்கில எழுத்துகளையே கொட்டலாம். கீபோர்டை இணைத்துவிட்டு 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று தட்டிப் பாருங்கள். கிரந்த எழுத்து, இரட்டை மெய்கள், நெடில் குறி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சரியாக வராவிட்டால், வெளிக் கீபோர்டை ஏற்கும் வேறொரு தமிழ்ச் செயலியை அங்கேயே நிறுவச் சொல்லி மறுபடி தட்டுங்கள். அதிலும் வரவில்லை என்றால் குறை கீபோர்டில் இல்லை. அடுத்த டேப்லெட்டைக் காட்டச் சொல்லுங்கள்.